காதுக்குள் ஓயாத சத்தம்: வாசகர் கேள்விகளும் ஓர் ஆடியாலஜிஸ்ட்டின் பதில்களும்

போன இதழில் காது கேட்கும் கருவியைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கருவியைப் பற்றியே பேசவில்லை. "காதுக்குள்ள ஒரு சத்தம் கேட்டுட்டே இருக்குதுங்க மேடம், அதுக்கு என்ன பண்றது?" என்பதுதான் கேள்வி. ஒருவருக்கு அது சில்வண்டு, இன்னொருவருக்குக் குக்கர் விசில், மற்றொருவருக்கு டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிற்கிற மாதிரி. டாக்டர் சீட்டில் இதை டின்னிட்டஸ் என்று எழுதுவார்கள்.

நான் ஈ.என்.டி. டாக்டர் இல்லை, ஆடியாலஜிஸ்ட். கேட்கும் திறனைப் பரிசோதிப்பது, கருவி பொருத்துவது, இரைச்சலோடு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. என்னிடம் வருகிறவர்களில் பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்காரர்கள் அதிகம் என்பதால் பதில்களிலும் தறிச் சத்தம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

முப்பது வருஷமாக விசைத்தறி ஓட்டுகிறேன். வயது 54. இரண்டு காதிலும் 'ஙொய்' என்று சத்தம். பகலில் தெரிவதில்லை, படுத்தால் ஆரம்பித்துவிடுகிறது. நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டார்கள், பலனில்லை. இதை நிறுத்த முடியுமா, முடியாதா?
*– வாசகர், குமாரபாளையம்*

நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன். அந்தச் சத்தத்தை அடியோடு நிறுத்துகிற மாத்திரையோ ஊசியோ இன்றைக்கு இல்லை. ஆனால் அது இருக்கிறதா என்றே கவனிக்காமல் நாட்கள் ஓடுகிற நிலைமைக்கு உங்களைக் கொண்டுவர முடியும். பெரும்பாலானவர்கள் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

உள்காதில் சுமார் 15,000 நுண்ணிய முடிச் செல்கள் இருக்கின்றன. வருகிற ஒலியை நரம்புக்குப் புரிகிற மின்துடிப்பாக மாற்றுவது இவைதான். பிறவியில் கிடைத்ததோடு சரி, செத்தால் மறுபடி முளைக்காது. தறிக் கொட்டகையில் சத்தம் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அதில் முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கீச்சு ஒலிகளைப் பிடிக்கிற செல்கள். தறிக்காரர்களின் ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறனை வரைந்து காட்டுகிற பேப்பரில், சரியாக அந்த இடத்தில் கோடு பள்ளத்தில் இறங்கியிருக்கும். பேப்பரைப் பார்த்தே "எத்தனை வருஷமா தறி?" என்று கேட்டுவிடுவேன்.

அந்தச் செல்களிடமிருந்து சேதி வருவது நின்றதும் மூளை சும்மா இருப்பதில்லை. எங்கே போச்சு என்று தேடித் தன் கேட்புப் பகுதியின் கூர்மையைக் கூட்டுகிறது. அப்போது நரம்பு மண்டலத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற சலசலப்பே ஒலியாகக் கேட்க ஆரம்பிக்கிறது. காது கெட்டதில் தொடங்கினாலும், சத்தம் உண்டாவது பெரும்பாலும் மூளையில்தான். அதனால்தான் காதில் என்ன ஊற்றினாலும் அது போவதில்லை.

படுத்தால் ஏன் அதிகமாகிறது? உண்மையில் அதிகமாவதில்லை. சுற்றிலும் வேறு ஒலி இல்லாததால் அது மட்டும் தனியாகத் தெரிகிறது. எங்கள் பரிசோதனை அறை வெளிச் சத்தம் புகாதபடி கட்டியது. உள்ளே நுழைந்து கதவைச் சாத்தியதும், "ஐயோ, ரெண்டு மடங்காயிடுச்சே" என்று நிறையப் பேர் பதறுவார்கள். 1953-ல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மேன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கிற 80 பேரை இதே மாதிரி ஒரு அறையில் 5 நிமிஷம் உட்காரவைத்து, என்ன கேட்டது என்று விசாரித்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். முழு அமைதியில் யாருக்குமே காது சும்மா இருக்காது போலிருக்கிறது.

இன்னொரு விஷயம், இதைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெட்போனில் பல சுருதிகளில் ஒலி கொடுத்து, உங்கள் சத்தத்துக்கு எது பொருந்துகிறது என்று பார்ப்போம். பொருந்தியதும் "இதேதான், இதேதான்!" என்று முகம் மலர்ந்துவிடும், முதல் தடவையாக இன்னொருவர் அதைக் கேட்டுவிட்ட சந்தோஷம். அப்புறம் அதன் அளவைப் பார்த்தால், அந்தச் சுருதியில் அவர் காதுக்கு எட்டுகிற மிகச் சன்னமான ஒலியைவிட 5, 10 டெசிபல்தான் கூட இருக்கும். வாழ்க்கையே போச்சு என்று அழுகிறவருக்கும் அதே அளவு, "இருக்குதுங்க, நான் கண்டுக்கறதில்லை" என்கிறவருக்கும் அதே அளவு. சத்தத்தின் அளவும் தொந்தரவின் அளவும் ஒன்றோடொன்று சேர்ந்து போவதில்லை. மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறதா, சும்மா கிடக்கட்டும் என்று விடுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்கள் ஊரிலேயே இதைப் பார்த்திருப்பீர்கள். தறிக்குப் பக்கத்து அறையில் குழந்தைகூட அசந்து தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். அதே பழக்கத்தைக் காதுக்குள் இருக்கிற சத்தத்துக்கும் மூளை கற்றுக்கொள்ளும். போலந்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த ஜாஸ்ட்ரெபாஃப் என்ற விஞ்ஞானி 1990-ல் முன்வைத்த விளக்கம் இதை அடிப்படையாகக் கொண்டதுதான். அதிலிருந்து வந்த பயிற்சி முறையை இன்றைக்கும் பல நாடுகளில் கொடுக்கிறார்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் ஈ.என்.டி. டாக்டரிடம் காதைக் காட்டுங்கள். சில சமயம் இறுகிப்போன குரும்பிதான் காரணமாக இருக்கும், எடுத்ததும் சத்தம் போய்விடும். அடுத்தது ஆடியோகிராம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் எடுக்கலாம். கேட்கும் திறன் குறைந்திருந்தால் கருவி போட்டுக்கொள்ளுங்கள். தவறவிட்ட ஒலிகள் மறுபடி கிடைக்க ஆரம்பித்ததும் மூளையின் தேடல் தணிகிறது, பலருக்கு இரைச்சலும் பின்னால் போகிறது. "இந்த வயசிலேயே காது மெஷினா" என்ற வெட்கத்தால் இந்த ஒரு நல்ல வழியைப் பாதிப் பேர் தட்டிக்கழிக்கிறார்கள்.

ராத்திரி அறையை அமைதியாக வைக்காதீர்கள். ஃபேன் ஓடட்டும். போதவில்லை என்றால் மழைச் சத்தமோ ஆற்றுச் சத்தமோ போனில் போட்டு, தலைமாட்டிலிருந்து தள்ளி வையுங்கள். அது உங்கள் இரைச்சலை மூழ்கடிக்கக் கூடாது, இரைச்சலுக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து காதில் விழுந்தால்தான் மூளைக்குப் பழகும்.

தறிக்குப் போகும்போது பஞ்சு வைப்பதை விடுங்கள், அது சத்தத்தைப் போதுமான அளவு தடுப்பதில்லை. ஃபோம் இயர் பிளக்கை விரலில் உருட்டிச் சன்னமாக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும் வரை அழுத்திப் பிடியுங்கள். தறிக் கொட்டகையில் எப்படியும் உதட்டசைவிலும் கைஜாடையிலும்தானே பேசுகிறீர்கள், பிளக்கால் ஒன்றும் குறைந்துவிடாது. சத்தத்தால் காது கேளாமல் போவதை நம் தொழிலாளர் சட்டம் தொழில்நோயாகவே பட்டியலிட்டிருக்கிறது. ஆனால் நாலு தறி வைத்த கொட்டகையை அந்தச் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை என்பது வேறு கதை.

வயது 31. வலது காதில் மட்டும் 'தப் தப்' என்று சத்தம். நாடியைப் பிடித்துப் பார்த்தால் அதோடு சரியாகச் சேர்ந்து அடிக்கிறது. இரண்டு மாதமாகத் தலைவலியும் இருக்கிறது. குனிந்தால் ஒரு நொடி கண் இருட்டுகிறது. முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எடை கூடியிருக்கிறது. எல்லாம் டென்ஷன் என்கிறார் கணவர்.
*– வாசகி, கோவை*

அம்மா, இந்த இதழ் கையில் கிடைத்த அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மற்றவர்களுக்கு நான் சொல்கிற "பழகிக்கொள்ளுங்கள்" உங்களுக்குப் பொருந்தாது.

இதயத்துடிப்போடு சேர்ந்து கேட்கிற சத்தம் தனி வகை. பெரும்பாலும் அங்கே உண்மையாகவே ஏதோ ஒன்று ஓடுகிறது, காதை ஒட்டிப் போகிற ரத்தக்குழாயில் ரத்தம் பாய்கிற ஒலி. ரத்தசோகை, தைராய்டு, ரத்த அழுத்தம் என்று எளிதாகச் சரிசெய்யக்கூடிய காரணமாக இருக்கலாம். செவிப்பறைக்குப் பின்னால் ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு சிறு கட்டியாகவும் இருக்கலாம், டாக்டர் காதுக்குள் பார்த்தாலே சில சமயம் சிவப்பாகத் தெரியும்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கூடியிருக்குமோ என்பது. எடை கூடிய இளம் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. முகப்பருவுக்குக் கொடுக்கிற ஐசோட்ரெடினாயின், டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின் போன்ற மாத்திரைகளும் இதைத் தூண்டலாம். கவனிக்காமல் விட்டால் பார்வை நிரந்தரமாகப் போகிற ஆபத்து உண்டு. எனவே ஈ.என்.டி.யோடு கண் டாக்டரையும் பாருங்கள். கண்ணுக்குள் நரம்பு வீங்கியிருக்கிறதா என்று அவர் சொல்லிவிடுவார். எம்.ஆர்.ஐ.யும் ரத்தக்குழாய்களுக்கான ஸ்கேனும் எடுக்கச் சொல்லக்கூடும். மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள், முகப்பரு டாக்டரிடமும் இன்றைக்கே சொல்லுங்கள். சத்தம் நிற்கிறதா என்று கழுத்தை நீங்களாக அழுத்திப் பார்க்க வேண்டாம், அதை டாக்டர் செய்யட்டும்.

கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

காலையில் எழுந்தபோது இடது காது அடைத்து 'ஹூ' என்று சத்தம். சளி அடைப்பு என்று நினைத்துச் சொட்டு மருந்து விடுகிறேன். நாலு நாளாகிறது.
*– வாசகர், திருச்சி*

சளியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே ராத்திரியில் ஒரு காதின் நரம்பு செயலிழப்பதும் இப்படியேதான் தொடங்கும். அது அவசர நோய். ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் பலமாகக் கேட்டால் குரும்பி, சளி மாதிரி அடைப்பாக இருக்க வாய்ப்பு. நல்ல காதில் பலமாகக் கேட்டால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். எந்தப் பக்கம் கேட்டாலும் நாளைக்குள் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள், முனகலை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும்.

அம்மாவுக்கு 76 வயது. ராத்திரி 2 மணிக்கு எழுப்பி, "கோயில்ல பாட்டுப் போட்டுட்டே இருக்காங்க, போய் நிறுத்தச் சொல்லு" என்கிறார். எங்கள் தெருவில் கோயிலே இல்லை. பழைய பக்திப் பாட்டின் இரண்டு வரி திரும்பத் திரும்பக் கேட்கிறதாம். மந்திரித்தும் பார்த்தாயிற்று. புத்தி பிசகுகிறதோ என்று பயமாக இருக்கிறது.
*– வாசகி, மன்னார்குடி*

அம்மாவுக்குக் காது மந்தமா? கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. ஆனால் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார், இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறார் என்றால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

காதுக்குள் சில்வண்டு கேட்பதைப் போலவே சிலருக்குப் பாட்டுக் கேட்கும். வயதாகிக் காது மந்தமானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது கூடுதலாக வருகிறது. வெளியிலிருந்து ஒலி வராத வெற்றிடத்தை மூளை தன்னிடம் சேர்த்துவைத்த பாட்டால் நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் புதுப் பாட்டாக வராமல் சின்ன வயதில் மனதில் ஏறிய பாட்டாக வருகிறது. என்னிடம் வந்த ஒரு பாட்டிக்கு அவர் கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரம். வீட்டில் சொன்னால் பைத்தியம் என்பார்களே என்று வெகுநாள் வாயே திறக்கவில்லை. இப்படி மறைக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

காதைப் பரிசோதித்துக் கருவி போடுங்கள். பகலில் பேச்சுத்துணையும் ரேடியோவும் இருக்கட்டும். ராத்திரி விவாதம் வேண்டாம். "எனக்குக் கேட்கலைம்மா, உங்களுக்குக் கேட்குது, அது காதோட வேலை" என்று சொல்லிப் படுக்க வையுங்கள். இது திடீரென்று, அதுவும் குழப்பத்தோடு சேர்ந்து வந்திருந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, புது மாத்திரை எல்லாமே அப்படிச் செய்யும். பாட்டு போய், யாரோ அவரிடம் பேசுவதாகவோ எதையாவது செய்யச் சொல்வதாகவோ அம்மா சொன்னால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நண்பன் கல்யாணத்தில் டிஜே ஸ்பீக்கர் பக்கத்தில் மூன்று மணி நேரம் ஆடினேன். மறுநாள் முழுக்கக் காதில் 'கீ' என்று கேட்டது. இப்போது இல்லை. பயப்பட வேண்டுமா?
*– மாணவர், சேலம்*

இந்தத் தடவை தப்பித்தீர்கள் தம்பி. கேட்கும் திறன் மீண்டுவிட்டாலும் நரம்பு இணைப்புகளில் கொஞ்சம் நிரந்தரமாகப் போயிருக்கலாம் என்பது விலங்குகளில் செய்த ஆராய்ச்சிகளில் தெரிந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள்: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 98-க்கு வந்தால் வாரம் முழுமைக்கும் சுமார் 37 நிமிஷம்தான் மிச்சம். டிஜே ஸ்பீக்கர் பக்கத்தில் 98 எல்லாம் ஒன்றுமே இல்லை. அடுத்த கல்யாணத்தில் பந்திப் பக்கமாக நின்று ஆடுங்கள். பாக்கெட்டில் இயர் பிளக் இருக்கட்டும்.

ஆன்லைனில் ஜிங்கோ மாத்திரை வாங்கினேன். அக்கா பூண்டை நல்லெண்ணெயில் காய்ச்சிக் காதில் விடச் சொல்கிறார். எது நல்லது?
*– வாசகர், மதுரை*

இரண்டும் வேண்டாம். அமெரிக்க ஈ.என்.டி. மருத்துவர்கள் சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஜிங்கோ, மெலடோனின், துத்தநாக மாத்திரைகளை இரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது. ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஜிங்கோவால் ரத்தக்கசிவும் வரலாம். பி12 ஊசி, ரத்தத்தில் பி12 குறைவாக இருந்தால் மட்டும். பூண்டு எண்ணெயைச் சூடாக விட்டுக் காதைப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கேட்கவே வேண்டாம். அக்கா ரசத்தில் போடட்டும்.

ஆறு மாதமாகத் தூக்கமே இல்லை. வீட்டில் யாரும் நம்பவில்லை. சில ராத்திரி செத்துவிடலாம் போலிருக்கிறது.
*– ஊர் வேண்டாம்*

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சாக வேண்டும் என்ற நினைப்பு வரும் ராத்திரியில் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவரிடமாவது இந்த நினைப்பு வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கமின்மை மனதைத் தளர்த்தும், தளர்ந்த மனதுக்கு இரைச்சல் இன்னும் பெரிதாகக் கேட்கும். மனச்சோர்வு இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு, இரைச்சல் குறையட்டும் என்று அதைக் காத்திருக்க வைக்கக் கூடாது.

இரைச்சலின் தொந்தரவைக் குறைப்பதில் இதுவரை வலுவான ஆதாரம் இருப்பது சிபிடி என்கிற அறிதல் நடத்தைச் சிகிச்சைக்குத்தான். பயிற்சி பெற்ற உளவியலாளரோடு சில வாரங்கள் உட்கார வேண்டும். "இது மூளைக்கட்டியோ", "இனி வாழ்நாளெல்லாம் தூக்கமே கிடையாது" மாதிரி, ராத்திரியில் தானாக ஓடுகிற எண்ணங்களை எழுதிவைத்து, அவை எவ்வளவு தூரம் உண்மை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்ப்பார்கள். தூக்க நேரத்தைத் திரும்ப ஒழுங்குக்குக் கொண்டுவருவார்கள். சத்தம் இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்று காலையில் எழுந்ததும் சோதிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்வார்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற தூக்க மாத்திரை மட்டும் வேண்டாம். அல்பிரசோலம் போன்றவை பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் அதுவே இரைச்சலைக் கிளப்பும்.

வீட்டில் நம்பவில்லை என்றீர்கள். என்னிடம் வருகிறவர்களின் சத்தத்தைப் பொருத்தி எடுத்ததும் அதை ஹெட்போனில் கணவருக்கோ மகனுக்கோ கொஞ்ச நேரம் போட்டுக் காட்டுவேன். "இதைக் கேட்டுக்கிட்டே என்கிட்ட வரவுசெலவுக் கணக்குப் பேசுங்க" என்பேன். சீக்கிரமே ஹெட்போனைக் கழற்றிவிடுவார்கள். உங்கள் ஊர் ஆடியாலஜிஸ்ட்டிடமும் அப்படிச் செய்யச் சொல்லுங்கள்.

காபி குடித்தால் காது இரைச்சல் கூடும் என்கிறார்களே, நிறுத்திவிடவா?
*– வாசகி, கும்பகோணம்*

கும்பகோணத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு கேள்வியா! இங்கிலாந்தில் காபிக்குப் பழகிய இரைச்சல்காரர்களிடம் காஃபினை நிறுத்திப் பார்த்தார்கள். இரைச்சல் குறையவில்லை, தலைவலிதான் வந்தது. அமெரிக்க நர்ஸ்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றில், காபி அதிகம் குடித்த பெண்களுக்கு இரைச்சல் வந்தது குறைவாகவே இருந்தது. அதற்காக இன்னொரு டம்ளர் சேர்க்க வேண்டியதில்லை. மெனியர் நோய் (தலைச்சுற்றலோடு வருகிற ஓர் உள்காது நோய்) என்று டாக்டர் சொல்லியிருந்தால் உப்பைக் குறைப்பதோடு காபியைப் பற்றியும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி காலை டிகிரி காபியைத் தாராளமாகக் குடியுங்கள். தூக்கம் வராது என்றால் சாயந்திரக் காபியை மட்டும் விட்டுப் பாருங்கள்.